கரண்ட் சைக்கிள் மிஸ்

நுரைச்சோலை
24.04.2022

அன்பின் அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களுக்கும் மடத்துச் சிஸ்டர்மார் எல்லோருக்கும் கிடைப்பதாக. தவக்காலம் முழுக்க உங்களுக்குக் கடிதம் போடக்கூடாது என்பதால் கதையெல்லாம் நெஞ்சுக்குள் குவிந்து கிடக்கிறது. உங்கள் முழங்கால் நோ எப்படி? அந்த மலைக் குளிரில் கம்பளிக் காலுறை போடுகிறீர்களா? இங்கே நான் சுகம். றொகான் சுகம். மாமிக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் கூடி இப்போது தணிந்திருக்கிறது.

அடைப்பு மடத்துக்குள் வெளியுலகச் செய்தி எவ்வளவு வருமோ தெரியாது. இங்கே பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, காஸ் இல்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். ஆனாலும் பாதி நாள் எங்கள் வீட்டிலும் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் எஞ்சின் ஓடாது என்பதால் றொகான் வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டார். பகல் முழுக்கக் கரையில் மற்ற ஆட்களோடு கதைத்துக்கொண்டு இருக்கிறார்.

எனக்குக் கஷ்டம் என்னவென்றால், என் வேலை கண்டக்குழிப் பக்கம். ஸ்கூட்டிக்குப் பெற்றோல் எடுக்க வரிசையில் நின்றால் அன்றைக்குக் கிளினிக் நடக்காது. கிளினிக் நடத்தினால் பெற்றோல் இல்லை. பஸ் வந்தால் வந்தது. சென்ற கிழமை இரண்டு தரம் நடந்தும், லொறிக்குக் கை காட்டியும் போய்ச் சேர்ந்தேன். ஒரு தாய் எனக்காகக் காத்திருந்து களைத்துத் திரும்பிப் போய்விட்டாள். மருத்துவமாது என்று பெயர் வைத்துக்கொண்டு நேரத்துக்குப் போகாவிட்டால் என்ன பயன்?

வேலையில் சேர்ந்தபோது கிடைத்த சைக்கிள் இன்னும் இருக்கிறது. அவ்வளவு தூரம் மிதித்துப் போய்ச் சேர்ந்தால் பிறகு ஒரு தாயின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் கையில் பலம் இருக்காது. அதனால் ஒரு யோசனை பண்ணியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். கண்டக்குழியில் வெள்ளைக்காரருக்கு அறை கொடுக்கிற நிக்கொலஸ் அண்ணன், விருந்தாளிகள் ஓடவென்று முன்பு ஒரு கரண்ட் சைக்கிள் வாங்கியிருந்தார். உப்புக் காற்று அதன் இரும்பைத் தின்றுவிட்டது. ஆனால் முன் சில்லுக்குள் இருக்கிற மோட்டர் பழுதில்லை. "இது இங்க துருப்பிடிச்சுக் கிடக்கிறதுக்கு நீ கொண்டு போ பிள்ளை" என்று தந்துவிட்டார். அந்தச் சில்லைக் கழற்றி என் சைக்கிளில் போடப் போகிறேன்.

செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
சுதர்சினி


மடம்
08.05.2022

அன்பின் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். என் முழங்கால் படியில் ஏறும்போது முணுமுணுக்கும், இறங்கும்போது பேசாது. காலுறை போடுகிறேன். மாமியைச் சோற்றைக் குறைக்கச் சொல். றொகானுக்கு என் ஆசீர்.

நான் ஏன் சிரிக்கப் போகிறேன்? அப்பாவுடைய எஞ்சினுக்கு யார் பிளக் கழற்றி மணல் தட்டினது என்று மறந்துவிட்டாயா? உனக்குக் கிறீஸ் மணம் பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். இப்போது நீ மோட்டரைக் கையில் எடுத்திருக்கிறாய் என்று வாசித்ததும் எனக்கு வந்த பெருமையை அடக்க முடியவில்லை. மதரிடம் அனுமதி கேட்டு, ஓய்வு நேரத்தில் உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். இங்கே நாங்கள் பூசைக்கு வேண்டிய அப்பம் சுடுகிறோம். அந்த இயந்திரமும் கரண்டில்தான் வேலை செய்கிறது. கரண்ட் போகிற நேரம் பார்த்து மா குழைக்கிற எங்களுக்கு உன் கஷ்டம் நன்றாக விளங்குகிறது.

சிஸ்டர்மார் கேட்கிற கேள்விகள்: மழையில் நனைந்தால் கரண்ட் அடிக்குமா? பிறேக் பிடித்தால் மோட்டர் நிற்குமா? பற்றரி எங்கே வைப்பாய்? கடைசியாக, எங்கள் மதருடைய கேள்வி: வெள்ளை உடுப்போடு அதில் ஏறி இருக்க வசதிப்படுமா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

அன்புள்ள அக்கா
அனஸ்தாசியா


நுரைச்சோலை
05.06.2022

அன்பின் அக்காவுக்கு,

தோத்திரம். உங்கள் சுகத்துக்காகத் தளவில அன்னம்மாள் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். இங்கே எல்லோரும் சுகம். மாமி சோற்றைக் குறைத்திருக்கிறார், முகத்தைத்தான் தூக்கி வைத்திருக்கிறார்.

சைக்கிள் ஓடியது. பிறகு என்னை விழுத்தியது.

விபரமாகச் சொல்கிறேன். முன் சில்லைப் போட்டேன். பழைய பற்றரி செத்துப் போயிருந்தது. பாலாவியில் மோட்டர் திருத்துகிற பதுர்தீன் நானாவிடம் போனேன். கடை முழுக்கத் தண்ணீர் மோட்டர், மின்விசிறி. கம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைப்பார்களே, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பெட்டி, அந்தப் பெட்டிகளுக்குள் இருந்த மூன்று பற்றரிகளைச் சோதித்து எடுத்துத் தந்தார். சைக்கிளின் நடுவில், கால் தூக்கிப் போடுகிற இடத்தில் ஒரு பலகைப் பெட்டி அடித்து அதற்குள் வைத்தேன். வயர் மாட்டுவது பெரிய வேலை. எந்த நிறம் எந்த நிறத்தோடு சேரும் என்று தெரியாமல், ஒரு மாலை முழுக்கச் சில்லு பின்னுக்குத்தான் சுற்றியது. மாமி கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இது உன்னை வேலைக்குக் கொண்டு போகாது, வேலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வரும்" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எங்கள் வீட்டில் சிரிப்புக் கேட்டுக் கன நாள்.

கடைசியில் சரியாகச் சுற்றியது. முதல் நாள் விடியவே புறப்பட்டேன். அக்கா, அந்தச் சுகத்தை எப்படி எழுதுவது? கைபிடியை மெல்லத் திருப்பினதும் முன்னால் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி. காற்று முதுகில். தென்னை மரங்கள் எல்லாம் பின்னால் போகின்றன. தளவில சந்தி தாண்டினதும் "டக்" என்று ஒரு சத்தம். சில்லு நின்றது. நான் மணலுக்குள். முழங்கை உரிந்தது, வேறு ஒன்றும் இல்லை. பார்த்தால், மோட்டர் சுற்றுவதற்குப் பதில் அச்சே சுற்றி, வயரெல்லாம் முறுக்கி அறுத்து வைத்திருக்கிறது. உருட்டிக்கொண்டே போனேன். கிளினிக்குக்குப் பிந்தித்தான் போனேன்.

பதுர்தீன் நானா பார்த்துவிட்டு, "மோட்டர்ல பிழை இல்ல மவ. மோட்டருக்குப் பலம் கூட, அதப் புடிச்சி வெக்கிற இரும்புக்குப் பலம் காணாது" என்றார். வயரைத் திருப்பிப் போட்டுத் தந்தார். ஆனால் அச்சை எப்படிப் பிடித்து வைப்பது என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

விடமாட்டேன். எனக்கு வேறு வழியும் இல்லை.

தங்கை
சுதர்சினி


மடம்
19.06.2022

அன்பின் தங்கச்சிக்கு,

உன் முழங்கைக் காயத்துக்கு மருந்து போட்டாயா, அல்லது மற்றவர்களுக்கு மட்டும்தான் போடுவாயா? நான் சுகம். நீ விழுந்த இடத்தை வாசித்தபோது வயது போன சிஸ்டர் ஒருவர் சிலுவை அடையாளம் போட்டார். மற்றவர்கள் "பிறகு, பிறகு?" என்றார்கள். நீ விழுந்ததை விட, உருட்டிக்கொண்டே வேலைக்குப் போனாய் என்பதற்குத்தான் மதர் தலையை ஆட்டினார்.

அச்சைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். மன்றாட்டு நேரத்திலும் கொஞ்சம் யோசித்தேன், ஆண்டவர் பொறுத்துக்கொள்வார். அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவி இருக்கும், கவனித்தாயா? அந்தத் தட்டைக்குச் சரியாகப் பொருந்தும்படி, ஸ்பனர் போல வாய் வைத்த ஒரு தடித்த இரும்புத் தகடு வேண்டும். அதன் வால் பக்கத்தைச் சைக்கிளின் முன் கவையோடு இறுக்கிக் கட்டினால், அச்சுத் திரும்பப் பார்த்தாலும் தகடு விடாது. இரண்டு பக்கமும் போடு. கீழே படம் கீறியிருக்கிறேன். கீறல் நேராக இல்லை, கண் மன்னிக்கட்டும்.

றொகானுக்கு வெல்டிங் நன்றாகத் தெரியுமே. வள்ளத்துக்கு எத்தனை இரும்பு ஒட்டியிருப்பார். இந்தப் படத்தை அவரிடம் காட்டு. கரையில் சும்மா இருப்பதற்கு இது நல்ல வேலை. அவரையும் சுகம் கேட்டதாகச் சொல்.

அன்புள்ள அக்கா
அனஸ்தாசியா


நுரைச்சோலை
10.07.2022

அன்பின் அக்காவுக்கு,

தோத்திரம். நாங்கள் சுகம். உங்கள் முழங்காலுக்கு நிக்கொலஸ் அண்ணனிடம் வாங்கிய எண்ணெய் ஒரு போத்தல் தபாலில் அனுப்புகிறேன். அனுமதி கிடைத்தால் பூசுங்கள்.

உங்கள் தகடு வேலை செய்கிறது!

பாலாவியில் இரும்பு வேலை செய்கிற இடத்தில் கொடுத்துச் செய்வித்தேன். படத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆள், "இத ஆர் கீறினது, எஞ்சினியரா?" என்று கேட்டார். "எங்கட அக்கா, கன்னியாஸ்திரி" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. தகடு போட்ட நாளிலிருந்து சைக்கிள் ஒரு நாளும் என்னை விடவில்லை. ஊரே பெற்றோல் வரிசையில் நிற்கும்போது நான் அந்த வரிசையைக் கடந்து போகிறேன். முதல் நாள் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் வெட்கப்பட்டு மணியை அடித்தேன்.

இப்போது கேள்விகளுக்குப் பதில். மழைக்குப் பற்றரிப் பெட்டியின் மேல் ரெக்ஸின் போட்டிருக்கிறேன். மூன்று பற்றரிக் கரண்ட் ஆளைத் தூக்கி எறியாது, பயப்பட வேண்டாம். பிறேக் பிடித்தால் மோட்டர் தானாக நிற்கும். வெள்ளை உடுப்புக்குச் சங்கிலிக் கவசம் போட்டாயிற்று, மதரிடம் சொல்லுங்கள். போகும்போது காற்று முதுகில் என்பதால் பற்றரி அவ்வளவு குறையாது. வரும்போது முகத்தில் அடிக்கும், அப்போது நானும் மிதித்து உதவ வேண்டும். கண்டக்குழியில் நிக்கொலஸ் அண்ணன் வீட்டுக் கூரையில் சூரியத் தகடு இருக்கிறது. நான் கிளினிக்கில் நிற்கும்போது சைக்கிள் அங்கே நின்று வெயிலைக் குடிக்கும். சத்தமே இல்லாமல் போவதால் ஆடுகள் விலகுவதில்லை, அது ஒன்றுதான் குறை.

தாய்மார் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், கரண்ட் சைக்கிள் மிஸ். மாமி இப்போது சந்தையில் நின்று எல்லோருக்கும் சொல்கிறார்: "என்ட மருமகள் தானே செய்தவள். ஒரு ஆம்பிளையும் கை வைக்கல்ல."

உங்களுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

தங்கை
சுதர்சினி


மடம்
24.07.2022

அன்பின் தங்கச்சிக்கு,

எண்ணெய் கிடைத்தது, பூசுகிறேன். அந்தக் கை தட்டலை இங்கே வாசித்தபோது நாங்களும் தட்டினோம். மடத்தில் கை தட்டும் சத்தம் கேட்டு வெளிக் கதவுக் காவல்காரர் பயந்து போனார்.

இந்தக் கடிதத்தின் மிச்சத்தை நான் யாருக்கும் வாசிக்கவில்லை. உன் கடிதங்களைத் திருப்பி எடுத்துப் பார்த்தேன். சித்திரையில் "றொகான் சுகம்" என்று எழுதினாய். ஆனியில் "எல்லோரும் சுகம்". இந்த முறை "நாங்கள் சுகம்". வெல்டிங் செய்ய அவர் வீட்டில் இருக்க, நீ தகட்டைப் பாலாவிக்குக் கொண்டு போயிருக்கிறாய். மாமி ஒரு ஆம்பிளையும் கை வைக்கவில்லை என்கிறார். சைக்கிளின் ஒவ்வொரு ஆணியையும் எழுதுகிற நீ, அவர் பெயரை மட்டும் எழுதவில்லை.

றொகான் எங்கே?

மதரிடம் கேட்டுவிட்டேன். உன் அடுத்த கடிதத்தை என்னைத் தவிர வேறு யாரும் பிரிக்க மாட்டார்கள்.

அக்கா


மடம்
04.09.2022

அன்பின் தங்கச்சிக்கு,

ஆவணியும் முடிந்துவிட்டது. பதில் இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து போகக்கூடாது என்பது இங்கே ஒழுங்கு. எழுந்து போகவில்லை, ஆனால் காது போகிறது.

கேட்டது பிழை என்றால் மன்னித்துக்கொள். எழுத விருப்பமில்லாவிட்டால் ஒரு வெறும் தாளை மடித்து அனுப்பு. நீ உயிரோடு, சுகத்தோடு இருக்கிறாய் என்று அறிந்தால் போதும்.

அக்கா


நுரைச்சோலை
18.09.2022

அன்பின் அக்காவுக்கு,

உங்களைக் காக்க வைத்ததற்கு மனம் வருந்துகிறேன். நான் சுகம், மாமியும் சுகம். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, இருந்து எழுதுகிறேன்.

றொகான் வைகாசிக் கடைசியில் போய்விட்டார். பெரிய போட் ஒன்று அவுஸ்திரேலியாவுக்கு ஆட்களைக் கொண்டு போகிறது என்று கரையில் கதை நடந்தது. இவருக்குக் கடல் தெரியும் என்பதால் ஓட்டியாக வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார். அன்றைக்கு நடந்தது இப்படி:

"அங்க போனா உனக்கும் ஆஸ்பத்திரியில வேலை எடுக்கலாம். இங்க என்ன இருக்கு?"

"என்ட தாய்மார் இருக்கினம். அவங்களை ஆர் பார்க்கிறது?"

"உன்னை ஆர் பார்க்கிறது?"

"நான் என்னைப் பார்த்துக்கொள்ளுவன். இது சாவுக்குப் போற வழி. நானும் வரமாட்டன், நீங்களும் போக வேண்டாம்."

அவர் எழுந்து வெளியே போனார். சரி, விட்டுவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து வேலையால் வந்தால் மாமி வாசலில் இருந்து அழுகிறார். மாமிக்கும் சொல்லவில்லை. கூடப் போன ஒருவர் நடுக்கடலில் இருந்து தன் வீட்டுக்குக் கோல் எடுத்துத்தான் அறிந்தோம். பிறகு பல கிழமை ஒரு தகவலும் இல்லை. சைக்கிளை நான் அந்த நாட்களில்தான் செய்து முடித்தேன். வயர் பின்னுக்குச் சுற்றி நானும் மாமியும் சிரித்தோம் என்று எழுதினேனே, அவர் போன பிறகு நாங்கள் சிரித்த முதல் சிரிப்பு அது.

உங்களுக்கு ஏன் எழுதவில்லை? மதர் வாசிப்பார் என்பதற்காக இல்லை. என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் போய்விட்டார் என்று எழுதக் கை வரவில்லை. சைக்கிளைப் பற்றி எழுதும்போது மட்டும் நான் நிமிர்ந்து இருந்தேன். உங்களுக்கு முன்னால் அந்த நிமிர்வோடு இருக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

ஆவணியில் செய்தி வந்தது. அங்கத்தைய கடற்படைக் கப்பல் மறித்து, எல்லோரையும் விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டது. உயிரோடு இருக்கிறார் என்று கேட்டு மாமி நிலத்தில் விழுந்து கும்பிட்டார். மறுநாள் நீர்கொழும்பில் நீதிமன்றத்துக்குக் கொண்டு வருகிறார்கள், வந்தால் பார்க்கலாம் என்றார்கள். மாமி அன்றே சொந்தக்காரரோடு போய்விட்டார். நான் காலையில் கற்பிட்டியிலிருந்து வரும் பஸ்ஸில் போவதென்று லீவு எடுத்தேன்.

கண்டக்குழியில் ஷிம்லா என்று ஒரு பிள்ளை. முதல் கர்ப்பம். முன் கிழமை பார்த்தபோது கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, எனக்கு மனம் கேட்கவில்லை. விடியவே சைக்கிளில் அங்கே போய் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தாலேயே பஸ் எடுப்போம் என்று போனேன். போய்ப் பார்த்தால் முகமும் வீங்கிக் கிடக்கிறது.

அவளுடைய மாமி றஹ்மத் உம்மா, "ராவு சரியாத் தூங்கல்ல மிஸ், அதான் இப்பிடி" என்றார்.

"ஷிம்லா, தலையிடிக்குதா?"

"நேத்துலருந்து மிஸ். கண்ணும் மங்கலாத் தெரியிது."

பிரஷர் எடுத்தேன். அக்கா, அளவு மிகவும் கூடியிருந்தது. அப்படியே விட்டால் வலிப்பு வரும், தாயும் பிள்ளையும் போய்விடும். அம்புலன்ஸுக்கு எடுத்தேன், அது வேறொரு நோயாளியோடு புத்தளத்தில் நிற்கிறது, வரச் சுணங்கும். அந்தத் தெருவில் எந்த வாகனத்திலும் எண்ணெய் இல்லை. கரையில் மீன் ஏற்றுகிற கூலர் லொறி ஒன்று நிற்கும், அது புத்தளம் போகிற நேரம் என்று ஞாபகம் வந்தது. சைக்கிளை எடுத்தேன்.

அன்று விடியக் காற்று இல்லாததால் நுரைச்சோலையிலிருந்து வந்த தூரத்தில் பற்றரி முக்கால்வாசி குறைந்திருந்தது. மணல் ஒழுங்கையில் சில்லு புதைகிறது. கைபிடியை முழுக்கத் திருப்பிக்கொண்டு, எழுந்து நின்று மிதித்தேன். கரைக்குப் போனால் லொறி புறப்பட்டுவிட்டது, தார் ரோட்டில் ஏறுகிறது. மணியடித்தேன், கத்தினேன், அவருக்குக் கேட்கவில்லை. நான் தென்னந்தோட்டத்துக்குள்ளால் குறுக்கே விட்டேன். வேருக்கு மேலாலும் ஓலைக்கு மேலாலும் சைக்கிள் துள்ளித் துள்ளிப் போனது. மதகடியில் லொறி வேகம் குறைக்கும்போது நான் அதற்கு முன்னால் போய் ரோட்டில் குறுக்கே நின்றேன். பிறேக் சத்தம் காதை அடைத்தது. உனக்குப் பைத்தியமா என்று ஓட்டுநர் சிங்களத்தில் கத்தினார். "ஒரு தாய் சாகப் போறா, திருப்புங்க" என்றேன், நானும் சிங்களத்தில். அவர் என் உடுப்பைப் பார்த்தார். லொறியைத் திருப்பினார்.

ஷிம்லாவை முன்னால் ஏற்றி, அவளைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். நான் போக இருந்த பஸ்ஸை எங்கள் லொறி வழியில் முந்தியது. யன்னலால் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் உடனே ஒப்பரேஷன் செய்தார்கள். பெண் பிள்ளை. சின்னது, ஆனால் அழுத சத்தம் வெளி வாங்கு வரைக்கும் கேட்டது. தாயும் தப்பிவிட்டாள். றஹ்மத் உம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்ட மவளே" என்றார்.

நீதிமன்றத்தில் மாமிதான் நின்றார். "சுதர்சினி வரல்லையா" என்று றொகான் வாசலைப் பார்த்துக்கொண்டு கேட்டாராம். ஓட்டி என்பதால் பிணை கொடுக்காமல் றிமாண்டில் போட்டுவிட்டார்கள். பிறகு நான் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். மெலிந்துவிட்டார். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஏன் போனீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

இதுதான் அக்கா. வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியாது.

தங்கை
சுதர்சினி


மடம்
02.10.2022

அன்பின் தங்கச்சிக்கு,

சுகம். நீயும் மாமியும் சுகமாக இருக்க வேண்டும்.

என்ன நினைப்பேன் என்றா கேட்டாய்? உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிற்றாலயத்தில் கன நேரம் இருந்தேன். அழுதேன் என்பது உண்மை. நீ தனியாக அந்த மாதங்களைக் கடந்தாய் என்பதற்காக அழுதேன். எழுந்து வரும்போது அழுகை இல்லை. என் தங்கை ஒரு லொறியின் முன்னால் போய் நின்றவள் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. அப்பா இருந்திருந்தால் கரையில் உள்ள ஒவ்வொரு வள்ளத்துக்கும் போய் அதைச் சொல்லியிருப்பார். எனக்குச் சொல்லக் கரை இல்லை. அதனால் உன் குடும்பக் கதையை விட்டுவிட்டு, லொறிக் கதையை மட்டும் சிஸ்டர்மாருக்குச் சொன்னேன். பெருமை பாவம் என்று எங்களுக்குப் படிப்பிக்கிற மதர், "இன்னொரு தரம் சொல்லுங்கோ, அந்த மதகடியிலிருந்து" என்று கேட்டார்.

நீ நீதிமன்றத்துக்குப் போகாததைப் பற்றி உனக்குள் கணக்குப் பார்க்காதே. அந்தப் பிள்ளை அழுத சத்தம் உனக்கு விடை.

றொகான் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. மடத்துக்குள் இருப்பவளுக்கு வீட்டுக் கதவைத் திறக்கவும் பூட்டவும் சொல்ல உரிமை இல்லை. நீ எதைச் செய்தாலும் அது என் தங்கை செய்தது.

அன்புள்ள அக்கா
அனஸ்தாசியா


நுரைச்சோலை
13.11.2022

மதிப்புக்குரிய சிஸ்டர் அக்காவுக்கு,

றொகான் எழுதிக்கொள்வது. உங்கள் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன். எங்கள் மூன்று பேருக்கும் சுகம். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். திருவருகைக் காலம் தொடங்கினால் கடிதம் வராது என்று சுதர்சினி சொன்னார், அதனால் இப்போதே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிணை கிடைத்தது. வழக்கு இன்னும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தரம் பொலிசில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வெளியே விட்ட நேரம் வீட்டுக்குச் சொல்ல என்னிடம் போன் இல்லை. தனியாகப் பஸ் பிடித்துப் பாலாவியில் இறங்கினேன். ஊருக்குப் போக மனம் வரவில்லை. எந்த முகத்தோடு போவது? உப்பு லொறி ஒன்று நுரைச்சோலைப் பக்கம் போகிறது என்று ஏற்றினார்கள். ஓட்டுநர் புத்தளத்து முஸ்லிம் ஆள், பேர் முத்தலிபு.

"நுரைச்சோலையா? கரண்ட் சைக்கிள் மிஸ்ஸ தெரியுமா?" என்று அவர் கேட்டார். நான் யன்னலால் வெளியே பார்த்தேன். அவர் தானாகச் சொல்லத் தொடங்கினார். தன் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று கண்டக்குழியில் சாகக் கிடந்ததாம். அந்த மிஸ் லொறிக்கு முன்னால் பாய்ந்து மறித்தாவாம். "அண்டைக்கு அவங்கட மாப்பிள்ளைட கோட்டுக் கேஸாம். அதையும் உட்டுட்டு இந்தப் புள்ளையோட நிண்டிருக்காங்க. இப்பிடி ஒரு ஆள நான் காணல்ல" என்றார்.

சிஸ்டர் அக்கா, எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அன்றைக்கு நான் கூண்டுக்குள் நின்று வாசலைப் பார்த்தேன். சுதர்சினி வரவில்லை. என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்து, றிமாண்டில் அந்த நினைப்போடுதான் இருந்தேன். வந்து பார்த்தபோதும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. ஊரே அறிந்த கதையை நான் ஒரு லொறிக்காரர் வாயால் கேட்கிறேன்.

"நீங்க அவங்களுக்கு யாரு?" என்று முத்தலிபு கேட்டார்.

"நான்தான் அந்த மாப்பிள்ளை" என்றேன்.

அவர் லொறியை ஓரம் கட்டிவிட்டார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து, "நானா, நீங்க பாக்கியசாலி" என்றார். வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டார்.

மாமி, அதாவது என் அம்மா, என்னை அடித்துவிட்டுக் கட்டிப் பிடித்து அழுதார். சுதர்சினி வேலையால் வரும் வரைக்கும் நான் முற்றத்தில் நின்றேன். சத்தமே இல்லாமல் சைக்கிள் வந்து நின்றது. இறங்கி என்னைப் பார்த்தார். நான் போகும்போது விட்டுப் போன ஆள் இல்லை அவர்.

"அண்டைக்கு ஏன் வரல்லையெண்டு எனக்கு இப்பதான் தெரியும்" என்றேன். "நீ செய்ததுதான் சரி. நான் செய்தது பிழை."

"சரி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு, "மன்னிச்சிட்டன் எண்டு நினைக்க வேண்டாம். அதுக்கு நாள் எடுக்கும். ஆனா வீட்டுக்குள்ள வாங்க" என்றார்.

நாள் எடுக்கட்டும். நான் இருக்கிறேன். இப்போது அவருடன் வேலை செய்கிற பளீலா மிஸ்ஸும் இப்படி ஒரு சைக்கிள் கேட்டிருக்கிறார். வயர் வேலை சுதர்சினி, இரும்பு வேலை நான். முதல் வைத்த வெல்டிங் ஒட்டுச் சரியில்லை என்று உடைக்கச் சொன்னார். உடைத்துத் திருப்பி ஒட்டினேன்.

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கண்டக்குழியில் நிக்கொலஸ் அண்ணனுக்கு, டொல்பின் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்குக் கொண்டு போக ஒரு போட்காரர் தேவையாம், அந்த வேலையைக் கேட்கப் போக வெளிக்கிட்டோம். வெயில் நன்றாக ஏறின நேரம். பூசை விட்டு ஊர்ச் சனம் முழுக்கக் கோயில் வாசலில் நிற்கிறது. சுதர்சினி சைக்கிளைக் கொண்டு வந்து நிறுத்தி, "பின்னுக்கு ஏறுங்க" என்றார்.

"நான் ஓட்டுறன், நீ பின்னுக்கு இரு."

"உங்களுக்கு இது ஓட்டத் தெரியாது. ஏறுங்க."

கரியரில் ஏறி இருந்தேன். அவர் மிதித்து, கைபிடியைத் திருப்பினார். சைக்கிள் எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டது. பெண்சாதிக்குப் பின்னால் இருந்து போகிறேன் என்று கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். என்னோடு கரையில் நின்ற கூட்டாளிமாரும் பார்த்தார்கள்.

பார்க்கட்டும் என்று நன்றாக நிமிர்ந்து இருந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரர்
றொகான்